பிரான்ஸில் கல்வீடா, ஸ்பெயினில் ஃபிளாட்டா? விடுமுறை வீடு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிரிட்டனில் வேலை பார்த்துக்கொண்டே, வெயிலுக்காக இன்னொரு ஐரோப்பிய நாட்டில் ஒரு வீடு வாங்கிப்போட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். லண்டனில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கே போதாத பணத்தில் பிரான்ஸின் லிமூசின் பக்கம் தோட்டத்தோடு கல்வீடு கிடைக்கிறது. ஸ்பெயினின் அலிகாந்தே பக்கம் நீச்சல்குளம் வைத்த குடியிருப்பில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் கிடைக்கிறது. படங்களைப் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும்.

வாங்கும் விலை ஒருமுறை கொடுப்பது. நீங்கள் அங்கே இல்லாத பத்து, பதினொரு மாதங்களோ ஒவ்வொரு வருடமும் வரும். அந்த மாதங்களில் வீட்டை யார் பார்ப்பது, எந்த அரசுக்கு எந்தப் படிவம் போக வேண்டும், குழாய் வெடித்தால் யாருக்கு போன் போகும் என்பதில்தான் பிரான்ஸும் ஸ்பெயினும் உண்மையில் பிரிகின்றன. இந்த ஒப்பீடு அந்தக் கணக்கை வைத்துத்தான். இத்தாலியைப் பற்றிக் கொஞ்சம், வாங்காமலே இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் பாஸ்போர்ட், அப்புறம் முகவரி

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர், தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் இருக்கலாம். சொந்த வீடு இருப்பதால் ஒரு நாள்கூட அதிகம் கிடைக்காது. பிரான்ஸில் 60, இத்தாலியில் 30 என்று பிரித்தாலும் எல்லாம் ஒரே கணக்குதான். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தொடர்ந்து இருந்தீர்கள் என்றால் 90 நாளும் முடிந்துவிடும். அடுத்து ஜூன் 30 அன்றுதான் உள்ளே போக முடியும். பாஸ்போர்ட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று சமாளித்த காலமும் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படத்தோடு போக்குவரத்தைப் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனி நாளை எண்ணுவது கணினி.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கோடை, ஈஸ்டர், கிறிஸ்துமஸ் மூன்றையும் கூட்டினாலும் 90 நாளைத் தொடாது. ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் இது இடிக்கிறது, குறிப்பாக அக்டோபரில் போய் மார்ச்சில் திரும்பலாம் என்று கனவு காண்கிறவர்களுக்கு. இங்கே பிரான்ஸ் ஒரு படி மேலே நிற்கிறது. வேலை செய்ய மாட்டேன், வருமானம் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது என்று காட்டினால் ஆறு மாதம் வரை தங்கத் தற்காலிக நீண்டகால விசா கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அலுப்பான வேலைதான். பிரிட்டிஷ் வீட்டுக்காரர்களுக்கு விசாவே வேண்டாம் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் அரசமைப்பு மன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் படிவம் தொடர்கிறது.

ஸ்பெயினில் இப்படி அரை வருட விசா கிடையாது. அங்கே வேலை செய்யாமல் குடியிருக்க ஒரு விசா உண்டு, ஆனால் அது உங்களை அந்நாட்டில் வசிப்பவராக மாற்றும் பாதை. வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் உலக வருமானம் முழுவதையும் ஸ்பெயினின் வரித்துறைக்குக் காட்ட வேண்டிவரும். ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் கிடைத்துவந்த 'கோல்டன் விசா'வும் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதே வருடம் ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் வெளியாட்கள் வீடு வாங்கினால் விலைக்குச் சமமான வரி போடலாம் என்று பிரதமர் பெட்ரோ சான்செஸ் அறிவித்துப் பலரைக் கலங்கடித்தார். அது முன்மொழிவுதான். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதிலிருந்தே தெரியும்.

நம்மவர்களிடையே இன்னொரு சிக்கல் உண்டு. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ நெதர்லாந்திலோ பல வருடம் இருந்து, அந்நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 90 நாள் கட்டுப்பாடு இல்லை. உடன் பயணிக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் துணைக்கும் தனி விதிகள் உண்டு. வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெளிவது நல்லது. ஆனால் வரி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனின் ஹாரோவில் வசிப்பவர், ஸ்பெயினின் வரித்துறைக்கு ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர். எத்தனை நாள் தங்கலாம் என்பது ஒரு தாளிலும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது இன்னொரு தாளிலும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

பத்திர மேசையில்

பிரான்ஸில் வீடு வாங்குவது மெதுவாக நடக்கும், பத்திரமாகவும் நடக்கும். நோத்தேர் என்கிற பத்திர அதிகாரி அரசு நியமித்த ஆள். அவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவானவர். உங்களுக்கென்று தனியாக ஒரு நோத்தேரை வைத்துக்கொண்டாலும் கட்டணம் அதிகமாகாது, இருவரும் அதே தொகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். முதல் ஒப்பந்தம் போட்டபின் மனம் மாறினால் காரணம் சொல்லாமல் விலக 10 நாள் அவகாசம் உண்டு. கரையான், ஈயம், கல்நார், மின்சாரம், ஆற்றல் தரம் என்று ஒரு கட்டு ஆய்வறிக்கைகளை விற்பவரே தர வேண்டும். எல்லாம் முடிந்து சாவி கைக்கு வர மூன்று மாதம் போல ஆகும். பழைய வீடென்றால் விலைக்கு மேல் 7 முதல் 8 சதவீதம் செலவு. அதில் பெரும்பகுதி நோத்தேருக்குப் போவதில்லை, அரசுக்குப் போகும் வரி.

அந்த அறிக்கைக் கட்டில் நான் முதலில் புரட்டுவது கழிவுத்தொட்டி அறிக்கையைத்தான். பிரெஞ்சுக் கிராமத்து வீடுகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது, தோட்டத்தில் புதைத்த தொட்டிதான். அது விதிப்படி இல்லை என்று அறிக்கை சொன்னால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் போடப் பல ஆயிரம் யூரோ ஆகும். விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள்.

ஸ்பெயினில் நோட்டரி கையெழுத்தைச் சாட்சிப்படுத்துகிறார், சட்ட அம்சங்களை வாசித்துக் காட்டுகிறார். உங்கள் சார்பில் தோண்டித் துருவுவது அவர் வேலை இல்லை. அதற்கு உங்கள் சொந்த வழக்கறிஞர் வேண்டும். விலையில் ஒரு சதவீதம் போலக் கேட்பார்கள். வீட்டுத் தரகர் "நம்ம வக்கீல் இருக்கிறார்" என்று ஒருவரைக் கைகாட்டினால், சிரித்துக்கொண்டே வேறொருவரைத் தேடுங்கள். முன்பணம் 10 சதவீதம் கட்டி ஒப்பந்தம் போட்டபின் நீங்கள் விலகினால் அந்தப் பணம் போய்விடும்; விற்பவர் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். பத்து நாள் யோசிக்கும் சலுகையெல்லாம் இல்லை.

நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல ஸ்பெயினில் நோட்டா சிம்ப்ளே என்று பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் எடுக்கலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று அதில் இருக்கும். கட்டடத்துக்கு அனுமதி இருந்ததா என்பதை மட்டும் அது முழுதாகச் சொல்லாது. ஆண்டலூசியாவின் மலைப்பக்கங்களில், அல்மேரியாவின் அல்மன்சோரா பள்ளத்தாக்கிலும் மலாகாவின் அக்சார்க்கியாவிலும், விவசாய நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டி வெளிநாட்டவர்களுக்கு விற்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2008 ஜனவரியில் அல்மேரியாவின் வேரா என்ற இடத்தில் ஓய்வுபெற்ற ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை அரசு இடித்தே தள்ளியது. அவர்கள் கையில் நகராட்சி கொடுத்த அனுமதி இருந்தது. அந்த அனுமதியே செல்லாது என்றுவிட்டது மாகாண அரசு. ஸ்பெயினில் ஊருக்குள் உள்ள ஃபிளாட்டையும் மலைமேல் உள்ள தனி வீட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். முதலாவதில் இந்த அபாயம் மிகக் குறைவு.

வாங்கும் செலவு ஸ்பெயினில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பழைய வீட்டுக்கு ஆண்டலூசியாவில் 7 சதவீத வரி. அலிகாந்தே இருக்கும் வலென்சியாப் பகுதியில் பல வருடங்களாக 10 சதவீதம், 2026 ஜூன் 1 முதல் 9. வழக்கறிஞர், நோட்டரி, பதிவு எல்லாம் சேர்த்தால் மேலும் இரண்டு மூன்று சதவீதம். ஒன்றரை லட்சம் யூரோ ஃபிளாட்டுக்குப் பதினெட்டாயிரம் வரை தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இத்தாலியில் இரண்டாவது வீட்டுக்குப் பதிவு வரி 9 சதவீதம், ஆனால் தனியாரிடமிருந்து வாங்கினால் அது சந்தை விலைக்கு இல்லை, அரசுப் பதிவேட்டு மதிப்புக்கு. அந்த மதிப்பு பெரும்பாலும் குறைவாக இருப்பதால் வரி கையைக் கடிக்காது. கடிப்பது வேறு இடத்தில்: பதிவேட்டில் உள்ள வரைபடமும் நிஜ வீடும் ஒத்துப்போகாத கதை அங்கே சர்வசாதாரணம். ஜியோமெத்ரா என்கிற நில அளவையாளர், கட்டட நிபுணர் ஒருவரை வைத்துச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு யூரோ வீடுகள் என்று சிசிலியின் சம்பூக்காவும் முசோமேலியும் செய்தியில் அடிபட்டன. குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிற இடிந்த சுவர்கள் அவை. கட்டட வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. விடுமுறைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இல்லை.

சில இடங்களில் இந்தக் கேள்வியே எழாது. டென்மார்க்கில் ஐந்து வருடம் வசித்திராத வெளியாள் கோடை வீடு வாங்க நீதி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து நாட்டு ஜெர்மானியருக்கும் அதுதான் நிலை. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு ஒரு நெறிமுறையே இணைத்து அந்த உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஆள் இல்லாத மாதங்கள்

பிரெஞ்சுக் கல்வீட்டின் அழகு ஜூலையில் தெரியும், குணம் பிப்ரவரியில்தான் தெரியும். நவம்பரில் கிளம்பும்போது தண்ணீரை வெளியே உள்ள வால்விலேயே அடைத்து, குழாய்களை வடித்து, கொதிகலனை உறைபனிக் காப்பு நிலையில் விட்டு வர வேண்டும். மறந்தால் ஒரே உறைபனி இரவில் குழாய் பிளந்து, யாரும் பார்க்காமல் வாரக்கணக்கில் தண்ணீர் ஓடும். விறகு அடுப்பு இருந்தால் வருடா வருடம் புகைபோக்கியைச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும். காப்பீட்டுப் பத்திரத்தில் இன்னொரு வரியைத் தேடிப் படியுங்கள்: இத்தனை நாளுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் திருட்டுக்குப் பொறுப்பில்லை என்றோ, ஜன்னல் கதவுகள் மூடியிருந்தால் மட்டுமே பொறுப்பு என்றோ இருக்கும். இரண்டாவது வீடு என்று சொல்லியே காப்பீடு எடுக்க வேண்டும். முதன்மை வீடு என்று எழுதிக்கொடுத்துச் சந்தாவைக் குறைத்தவர்களுக்குக் கேட்கிற நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் புல். யாரும் இதைப் பற்றி எச்சரிப்பதில்லை. ஏப்ரலில் கிளம்பி ஜூலையில் போனால் தோட்டம் இடுப்பளவு நிற்கும். ஒரு வார விடுமுறையில் முதல் இரண்டு நாள் புல் வெட்டும் இயந்திரத்தோடு போய்விடும். தெற்கில், காட்டுத்தீ அபாயப் பகுதிகளில், வீட்டைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குப் புதரை அழித்து வைப்பது சட்டக் கடமை, செய்யாவிட்டால் அபராதம். ஆள் வைத்துச் செய்யலாம், வருடத்துக்கு எத்தனை முறை என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். களிமண் நிலத்தில் கட்டிய வீடென்றால் வறட்சிக் கோடையில் மண் சுருங்கிச் சுவரில் விரிசல் விடும். அதற்கு இழப்பீடு கிடைக்க, உங்கள் ஊரை இயற்கைப் பேரிடர் பாதித்த ஊராக அரசு அறிவித்திருக்க வேண்டும்.

ஸ்பானிய ஃபிளாட்டில் இந்தத் தலைவலிகளில் முக்கால்வாசி குடியிருப்புச் சங்கத்தின் தலையில் விழுகிறது. தோட்டம், குளம், மாடிப்படி, கூரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு நீங்கள் மாதாமாதமோ காலாண்டுக்கோ பராமரிப்புப் பணம் கட்டுகிறீர்கள். கூரை ஒழுகி, லிஃப்ட் மாற்ற வேண்டிவந்தால் தனியாக ஒரு வசூல் வரும். வாங்கும் முன் கடைசி மூன்று பொதுக்கூட்டக் குறிப்புகளை வாங்கி மொழிபெயர்த்துப் படியுங்கள். பெரிய செலவு எதையாவது தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்களா, எத்தனை பேர் பணம் கட்டாமல் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். பழைய உரிமையாளர் வைத்த பாக்கி, நடப்பு வருடத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று வருடங்களுக்கும், வீட்டோடு சேர்ந்து உங்கள் தலைக்கு வரும். பாக்கி இல்லை என்ற சான்றைப் பத்திரப் பதிவன்று கையில் வாங்க வேண்டும்.

கடலோர ஃபிளாட் காய்ந்து கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சூடேற்றும் வசதி இல்லாத பல கட்டடங்களில் ஈரம் ஏறி, அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை ஜன்னலைத் திறந்துவிட ஒரு ஆள் தேவை. சாவி வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு, பிரெஞ்சுக் கிராமத்தில் அப்படி ஆள் கிடைப்பது கடினம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஸ்பெயினில் பெருவெள்ளம் போன்ற பேரிடர்களுக்கு இழப்பீடு தருவது ஒரு பொது அமைப்பு, அதற்கான சிறு தொகை காப்பீட்டுச் சந்தாவிலேயே பிடிக்கப்படுகிறது. வீட்டுக் காப்பீடே எடுக்காதவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆள் இல்லாத வீட்டில் வேறு யாராவது புகுந்துவிட்டால்? ஸ்பெயின் என்றாலே இந்தக் கேள்வி வரும். பயம் நிஜத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது, அலாரம் விற்பவர்களுக்கு அதில் பங்கு உண்டு. சாமான்களோடு, நீங்கள் வந்துபோகிற இரண்டாவது வீட்டையும் குடியிருப்பாகவே கருத வேண்டும் என்று 2020-இல் அரசு வழக்குத் தொடுப்புத் துறைத் தலைமை வழிகாட்டியது. உடனே புகார் செய்தால் நிலைமை உங்கள் பக்கம். உடனே தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் எண் இருக்க வேண்டும்.

போய்ச் சேரும் வழியையும் இதே கணக்கில் சேருங்கள். அலிகாந்தேவுக்கும் மலாகாவுக்கும் பிரிட்டனிலிருந்து வருடம் முழுக்க விமானம் உண்டு. ஜனவரியில் குழாய் உடைந்தாலும் அடுத்த நாள் போய் நிற்கலாம். பிரான்ஸின் பெர்ஜெராக், லிமோஜ் போன்ற சின்ன விமான நிலையங்களுக்குக் குளிர்காலத்தில் சேவை மெலிந்துவிடும். நார்மண்டி, பிரிட்டனி என்றால் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம், அது பெரிய வசதி. காரில் என்ன ஏற்றலாம் என்பதுதான் மாறிவிட்டது. இறைச்சியும் பாலும் பால்பொருட்களும் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. ஐஸ் பெட்டியில் தயிரும் மட்டன் கறியும் வைத்துக்கொண்டு போகிற நம் வழக்கத்துக்கு இது நேராக வந்து மோதும். அங்கே விட்டுவிட்டு வரும் புது ஃபிரிட்ஜ், மெத்தை போன்றவற்றுக்கும் சுங்க வரம்பு உண்டு. கப்பலில், விமானத்தில் வருகிறவருக்கு ஆளுக்கு 430 யூரோ மதிப்பு வரை. நாய் இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் புதுச் சான்றிதழ்.

வருடாந்திர வரிகள்

பிரான்ஸில் இரண்டு உள்ளூர் வரிகள். ஒன்று உரிமையாளர் கட்டும் நில-வீட்டு வரி. மற்றொன்று குடியிருப்பு வரி. 2023-இல் முதன்மை வீடுகளுக்கு நீக்கிவிட்டார்கள், இரண்டாவது வீடுகளுக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்கள் இதன்மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் போடலாம், கடலோர ஊர்கள் பல இந்த வாய்ப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரித்துறை இணையதளத்தில் பதிய வேண்டும், தவறினால் 150 யூரோ அபராதம். மற்றபடி ரசீது தானாக வரும், கட்டினால் முடிந்தது.

ஸ்பெயினில் தொகை சின்னது, பொறி பெரியது. நகராட்சி வரியும் குப்பை வரியும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாடகைக்கு விடாமல் வெறுமனே வைத்திருக்கும் வீட்டிலிருந்தும் ஒரு கற்பனை வருமானம் வருவதாக வைத்து, வெளிநாட்டில் வசிப்பவரிடம் ஸ்பெயின் வரி கேட்கிறது. பதிவேட்டு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாக எடுத்து, பிரிட்டனில் வசிப்பவருக்கு அதில் 24 சதவீதம், ஒன்றிய நாட்டில் வசிப்பவருக்கு 19 சதவீதம். பதிவேட்டு மதிப்பு 60,000 யூரோ, விகிதம் 1.1 என்றால் வருமானம் 660. லண்டன்காரர் கட்டுவது 158 யூரோ 40 சென்ட், பாரிஸ்காரர் கட்டுவது 125 யூரோ 40 சென்ட். பெரிய பணமில்லை. ஆனால் இதற்கு யாரும் ரசீது அனுப்ப மாட்டார்கள். 210-ஆம் எண் படிவத்தை நீங்களாகவே அடுத்த வருட டிசம்பர் 31-க்குள் போட வேண்டும், கணவன் மனைவி பேரில் வீடு இருந்தால் ஆளுக்கொன்று. விற்கும் நாளில்தான் இது தலை தூக்கும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து வரித்துறையிடம் கட்டிவிடுவார். அதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கும்போது பழைய பாக்கிகளைத் தோண்டுவார்கள்.

"வாடகைக்கு விட்டுச் சமாளித்துவிடலாம்"

இதை நம்பி வாங்காதீர்கள். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட விரும்பினால் குடியிருப்புச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஜூலையிலிருந்து இணையத்தில் விளம்பரம் போடப் பதிவு எண்ணும் வேண்டும். பார்சலோனா 2028-இல் சுற்றுலா ஃபிளாட் உரிமங்களையே ஒழிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. வரிச் சட்டத்தின்படி பிரிட்டனில் வசிப்பவர் செலவு எதையும் கழிக்காமல் மொத்த வாடகையில் 24 சதவீதம் கட்ட வேண்டும். ஒன்றியத்தில் வசிப்பவருக்குச் செலவைக் கழித்து 19. பிரான்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், இருந்தாலும் 2024 நவம்பரில் வந்த சட்டம் பதிவு, ஆற்றல் தரம், ஊராட்சியின் கட்டுப்பாடு எல்லாவற்றையும் இறுக்கியிருக்கிறது. வரிச் சலுகையையும் வெட்டியிருக்கிறது. எங்கே என்றாலும், நல்ல வாடகை கிடைக்கும் ஆகஸ்ட் வாரங்கள்தான் உங்கள் பிள்ளைகளின் விடுமுறை வாரங்களும்.

கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து வாங்கினால்

அண்ணன் லண்டனில், தங்கை பாரிஸில், தம்பி சூரிக்கில். மூவரும் சேர்ந்து ஒரு வீடு வாங்கிப் பிள்ளைகளைக் கோடையில் ஒன்றாக விடலாம் என்ற யோசனை பல குடும்பங்களில் ஓடுகிறது. நல்ல யோசனைதான், பத்திரத்தை மட்டும் யோசித்து எழுத வேண்டும். மூவர் பேரையும் சும்மா போட்டுவிட்டால் பிரெஞ்சுச் சட்டத்தில் அது பிரிக்கப்படாத கூட்டுச் சொத்து. விற்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அதே நேரம், பிரித்துக் கொடு என்று யாரும் எப்போதும் நீதிமன்றம் போகலாம். அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு, புதுப்பிக்கக்கூடிய ஒப்பந்தம் போட்டு இதைத் தள்ளிவைக்கலாம். சொத்து வைத்திருக்க ஒரு குடும்ப நிறுவனம் தொடங்கிப் பங்குகளாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி, வருடக் கணக்கு வழக்கு எழுத ஆள் இருந்தால் நல்ல வழி. ஸ்பெயினிலும் கூட்டு உரிமையாளர் எவரும் பிரிக்கச் சொல்லி ஏலம் வரை கொண்டுபோகலாம். எந்த நாடாக இருந்தாலும் ஆகஸ்ட் யாருக்கு, புதுக் கொதிகலனுக்கு யார் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறவு கெடாமல் இருக்க அதுதான் வழி.

இறப்புக்குப் பிறகு நடப்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். பிரான்ஸில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு: ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் நான்கில் மூன்று. 2015 முதல் உயிலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், 2021-இல் பிரான்ஸ் அதில் ஒரு முட்டுக்கட்டையும் போட்டது. வாரிசு வரியில் கணவன் மனைவிக்குள் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒரு லட்சம் யூரோ வரை விலக்கு, கூடப்பிறந்தவருக்கு 35, 45 சதவீதம், உறவில்லாதவருக்கு 60. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவுத் திருமணம் செய்யாமலே விட்ட தம்பதிகள் லண்டனில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் உறவில்லாதவர்கள். பிரான்ஸில் வீடு வாங்கும் முன் முதலில் போக வேண்டிய இடம் திருமணப் பதிவு அலுவலகம்.

என் தேர்வு

ஒன்றரை லட்சம் யூரோ வீட்டுக்கு நானாகப் போட்டுப் பார்த்த வருடச் செலவு இது. ஊருக்கு ஊர் மாறும். பிரெஞ்சுக் கல்வீட்டுக்கு வரி, காப்பீடு, மின்சாரம், புல், பழுதுக்கென்று ஒதுக்கும் பணம் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் யூரோவைத் தொடும். ஸ்பானிய ஃபிளாட்டுக்கு மூன்றாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கும். இதற்கு மேல் வாங்கும்போது போன பன்னிரண்டாயிரம், பதினெட்டாயிரம் தனி. நல்ல வாடகை வீடு வாரம் 800 யூரோ என்றால், வருடத்தில் ஐந்து வாரத்துக்கும் குறைவாகப் போகிறவருக்கு வாடகைதான் லாபம். முதல் பணம் முழுக்கக் கையில் இருக்கும், அடுத்த வருடம் போர்ச்சுகலுக்குப் போகலாம், புல் யாருடையதோ.

ஐந்து வாரத்துக்கு மேல் நிச்சயம் போவேன் என்கிறவர்களில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும், முழுநேர வேலையில் உள்ள குடும்பத்துக்கு நான் ஸ்பெயினில் ஊருக்குள் உள்ள ஃபிளாட்டையே சொல்வேன். நல்ல சங்கம் உள்ள கட்டடம், விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், சாவி வைத்திருக்க ஒரு ஆள். அழகில் அது கல்வீட்டின் பக்கத்தில் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். பூட்டிவிட்டுப் போனால் பூட்டிய மாதிரியே இருக்கும். ஓய்வு பெற்று, வருடத்தில் ஐந்தாறு மாதம் தொடர்ந்து தங்க நினைக்கிறவர், கையில் சுத்தியல் பிடிக்கவும் கொஞ்சம் பிரெஞ்சு பேசவும் தயாரானவர் என்றால் பதில் மாறிவிடும்: விசாவும் கிடைக்கும், ஆள் இல்லாத மாதங்களும் குறையும், அதனால் கல்வீட்டின் குறைகளில் பாதி தானாகப் போய்விடும். இத்தாலியை, மொழி தெரிந்தவர்களுக்கும் ஏற்கெனவே அங்கே உறவு உள்ளவர்களுக்கும் விட்டுவிடுகிறேன்.

எதை வாங்குவதாக இருந்தாலும், அதே ஊரில் பிப்ரவரியில் இரண்டு வாரம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த மாதத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது, மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில், பக்கத்து வீடுகளில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடலாம். சங்கத்தின் நிர்வாகியையோ ஊராட்சி அலுவலகத்தையோ அந்த நாட்களில் நேரில் போய்ப் பார்த்தால் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆகஸ்டில் அவர்களுக்கு நேரமிருக்காது.